காட்டின் கீழடுக்குத் தாவரங்கள்

காட்டு மரங்களின் நிழலில் வளரும் புதர்கள், செடிகள், புற்கள், பன்னங்கள், இளங்கன்றுகள் ஆகியவை கீழடுக்குத் தாவரங்கள் எனப்படும். அடர்ந்த பசுமைமாறாக் காடுகளில் மர உச்சியில் விழும் வெயிலில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு மட்டுமே தரையை எட்டுகிறது. இதனால் இத்தாவரங்களில் பலவற்றின் இலைகள் அகலமாகவும் மெல்லியதாகவும் உள்ளன. மரக்கன்றுகளோ பெரிதாக வளராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பெரிய மரம் ஒன்று சாய்ந்து வெளிச்சம் கிடைத்ததும் விரைந்து உயர்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலக்காய் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் பூங்கொத்து செடியின் உச்சியில் தோன்றாமல் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படர்கிறது. குறிஞ்சி என்றதும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது திறந்த புல்வெளியில் வளர்வது. அதே பேரினத்தின் வேறு பல இனங்கள் சோலை மரங்களின் அடியில் புதர்களாக மண்டியுள்ளன.

உண்ணிச்செடி

கீழடுக்குக்கு இன்றுள்ள பெரிய இடர் உண்ணிச்செடி ஆகும். அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. (வேலியோரத்தில் பல நிறங்களில் பூப்பதால் இன்றும் இதனை நாட்டுச் செடி என்றே பலர் எண்ணுகின்றனர்.) மரங்கள் நெருக்கமில்லாத இலையுதிர்க் காடுகளில் இது எளிதாகப் பரவும். முதுமலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் கறுத்த பழங்களைத் தின்னும் கொண்டைக்குருவி போன்ற பறவைகள் விதைகளைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு செல்கின்றன. புதர் மூடிய இடத்தில் புல் வளர்வதில்லை. எனவே மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் குறைகிறது. இலைகள் நஞ்சுள்ளவை, தின்ற மாடுகளின் கல்லீரல் பாதிக்கப்படும். கோடையில் காய்ந்த புதர்கள் தரையில் பற்றிய தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடுகின்றன.

தண்டை மட்டும் வெட்டினால் இது மீண்டும் தழைக்கும். வேர்க்கட்டையை மண்ணுக்குக் கீழே வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுவதே பயன் தரும் முறை. அதன்பின் அங்கு நாட்டுப் புல்லை வளர்க்காவிட்டால், மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழைக்கு முளைத்துவிடும். அகற்றிய தண்டுகளைக் கொண்டு கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலைப் பகுதியில் சோளகர் நாற்காலி முதலிய அறைகலன்களைச் செய்கின்றனர். கூடலூர்ப் பகுதியில் ஆளுயர யானை உருவங்களும் இதில் செய்யப்படுகின்றன.