விகடகவியை ஒத்துக்கொள்ளாத கணினி

கணினி அறிவியல் முதலாம் ஆண்டு படிக்கும் யாருடைய லேப் நோட்டையும் புரட்டிப் பாருங்கள், 'பாலிண்ட்ரோம்' புரோகிராம் கட்டாயம் இருக்கும். ஒரு சொல்லை வாங்கு, கடைசியிலிருந்து திருப்பிப் போடு, இரண்டும் ஒன்றா என்று பார். அவ்வளவுதான் கணக்கு. ஆங்கிலத்தில் 'மேடம்' என்று தட்டினால் 'ஆமாம், பாலிண்ட்ரோம்தான்' என்கிறது பைத்தான் நிரல்மொழி. ஆசையாக நம்ம விகடகவியைத் தட்டுங்கள். 'இல்லை' என்று வருகிறது!

தெனாலிராமன் கதை கேட்ட குழந்தைக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரியவில்லை. இடைவெளியை எடுத்துவிட்டு 'தேரு வருதே' கொடுங்கள், அதற்கும் இல்லைதான். இதில் பெரிய வேடிக்கை சீர்காழியில் இருக்கிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் ஒரு பதிகம் முழுவதையும் பாடி வைத்திருக்கிறார் திருஞானசம்பந்தர். மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. லேப் நோட்டில் இருக்கும் புரோகிராமிடம் அந்தப் பதிகத்தைக் கொடுத்தால், சம்பந்தருக்கும் அது ஃபெயில் போட்டுவிடும்!

ஏன் இப்படி? இந்த ஒற்றைக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இன்று திரைக்குப் பின்னால் போகப்போகிறோம். கேட்பவர் நீடாமங்கலத்து மாணவி என்று வைத்துக்கொள்வோம். ஊரில் ரயில்வே கேட்டை மூடிவிட்டால் பஸ் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. நெல், அரிசி ஏற்றும் சரக்கு ரயிலுக்கு எஞ்சினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியில் கேள்வியைத் தட்டுகிறாள். தட்டி முடித்து அனுப்பிய பிறகு அந்தப் பக்கம் என்னென்ன நடக்கிறது என்று தெரியுமா? வாங்க, உள்ளே போவோம்.

அதற்கு முன் அவள் கண்டுபிடித்ததைப் பார்த்துவிடலாம், அதுவே கொள்ளை அழகு. சொந்த ஊர்ப் பெயரைக் கொடுத்து எத்தனை எழுத்து என்று கேட்டிருக்கிறாள். நீ, டா, ம, ங், க, ல, ம். நமக்கு 7. பைத்தானுக்கு 11! நெடிலுக்குப் போடும் சுழி, கால், புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனி ஆளாக எண்ணுகிறது. யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் கோப்பில் அதே பெயர் 33 ஆகிறது. ஊர் ஒன்று, அளவு மூன்று! பெயரைத் திருப்பிப் போட்டாலோ இன்னும் கூத்து. புள்ளி எல்லோருக்கும் முன்னால் வந்து அந்தரத்தில் நிற்கிறது. 'டா'வின் கால் 'ம'வோடு ஒட்டி 'மா' ஆகிவிடுகிறது. 'நீ'யின் சுழி 'ட'வில் ஏறிக்கொள்ள, நீடாமங்கலத்துக்குள் திடீரென்று ஒரு 'டீ' வந்து உட்கார்ந்திருக்கிறது! தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாழ்ந்த ஊர் இது. ஏழா, பதினொன்றா என்று விரல்விட்டு எண்ணுவது இந்த ஊருக்கு ஒன்றும் புதிதல்ல.

நல்ல கேள்வி கிடைத்துவிட்டது. இனி அதை இணையத்தில் பதில் சொல்கிறவர்களிடம் கேட்கும் விதம். 'சார், கோடு வொர்க் ஆகலை, நாளைக்கு லேப் எக்ஸாம், அர்ஜென்ட், ப்ளீஸ்' என்று எழுதி, லேப் மானிட்டரைக் கைபேசியில் சாய்வாகப் படமெடுத்து ஒட்டினால் யாரும் தொடமாட்டார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதல்ல காரணம். படத்தில் இருக்கும் புரோகிராமை நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது, நாளை இன்னொருவர் தேடினாலும் அது கண்ணில் படாது. அவர்கள் எதிர்பார்ப்பது மூன்றுதான். நான் கொடுத்தது இது, எதிர்பார்த்தது இது, வந்தது இது. கூடவே, பிழை வரும் அந்த நாலைந்து வரியை மட்டும் எழுத்தாக ஒட்ட வேண்டும். முந்நூறு வரியை வெட்டி வெட்டி ஐந்தாக்கும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும், கேள்வியை அனுப்பவே தேவையிருக்காது!

இதோ, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அனுப்பிவிட்டாள். 2008இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய கேள்வி–பதில் தளம். இங்கேதான் திரை விலகுகிறது!

நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு வந்து கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறதே, அதுபோல வந்த கேள்வி ஒவ்வொன்றும் பிரிக்கப்படுகிறது. சில நேரே பொதுவெளிக்குப் போகும். சில திருத்தத்துக்குத் திரும்பி வரும். சில மூடப்படும். மதகை ஏற்றி இறக்குபவர்கள் யார் தெரியுமா? சம்பளம் வாங்காத பயனர்கள்! அங்கே நுழையும் எல்லோரும் 1 புள்ளியோடுதான் தொடங்குகிறார்கள். நீங்கள் எழுதிய பதில் பிடித்துப்போய் ஒருவர் மேலே தட்டினால் 10, கேட்டவரே அதை ஏற்றுக்கொண்டால் 15. அடுத்தவர் பதிவின் கீழ் கருத்து எழுதவே 50 புள்ளி வேண்டும். 3,000 தொட்டவர்களுக்கு ஒரு கேள்வியை மூட வாக்களிக்கும் உரிமை வருகிறது, மூன்று வாக்கு விழுந்தால் கதவு சாத்தப்படும். ஒரு துறையில் தங்கப் பதக்கம் வாங்கிய கில்லாடிகளோ, 'இது ஏற்கெனவே கேட்ட கேள்வி' என்று ஒற்றை ஆளாகவே மூடலாம். அந்த அதிகாரத்துக்கு அங்கே 'சுத்தியல்' என்று செல்லப் பெயர்!

முதல் கேள்வியிலேயே சுத்தியல் விழுந்து, அதன் பிறகு அந்தப் பக்கமே தலைவைக்காத மாணவர்கள் நிறைய. அவர்களிடம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 'ஏற்கெனவே கேட்டது' என்று மூடுவது அவமானமில்லை. மூடும்போதே பழைய கேள்விக்குச் சுட்டி கொடுத்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய விடை அங்கே தயாராகக் காத்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதே சமயம் அந்தத் தளத்தின் முகம் கடுமையானது என்பதும் உண்மை. புதியவர்களை நாங்கள் நன்றாக வரவேற்பதில்லை, இது மாற வேண்டும் என்று 2018இல் அந்த நிறுவனமே பகிரங்கமாக எழுதியது. 2024இல் ஒரு ஒத்திகை மேடையும் வந்தது. புதியவர்களின் கேள்விகளைப் பொதுவெளிக்கு அனுப்பும் முன் அனுபவசாலிகள் தனியாகப் படித்து, 'இதைச் சேர், அதை எடு' என்று கைபிடித்துத் திருத்திக் கொடுக்கும் இடம் அது.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு மனசு சுருங்கும் இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. 'வணக்கம்' என்று தொடங்கி 'மிக்க நன்றி' என்று முடித்திருப்பார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவர் வந்து இரண்டையும் வெட்டிவிட்டுப் போவார்! கோபமெல்லாம் இல்லை. பத்து வருடம் கழித்துப் படிக்கப்போகிறவருக்குக் கேள்வி மட்டும் போதும் என்பது அவர்கள் கொள்கை. கூடவே ஒரு தானியங்கித் துப்புரவாளரும் சுற்றி வருகிறார். வீடு கூட்டும் ரோபோவின் பெயரான 'ரூம்பா' என்றே அவரை அழைக்கிறார்கள். பதிலே வராமல், மதிப்பும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், 30 நாள் கடந்த கேள்விகளை ஓசைப்படாமல் துடைத்துவிடுவார்.

பதில் எழுதுகிறவர்களின் பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே நடப்பது ஓட்டப் பந்தயம்! கேள்வி வந்ததும் ஒருவர் இரண்டே வரியில் பதில் போட்டு முதல் இடத்தைப் பிடித்துக்கொள்வார். பிறகு பரபரவென்று உதாரணம், விளக்கம், எச்சரிக்கை என்று சேர்ப்பார். முதல் 5 நிமிடத்தில் செய்யும் திருத்தம் வரலாற்றில் தனியாகப் பதிவாகாது என்பது தெரிந்த கைகள்! பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் பதில் கண்முன்னே வளர்வதைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் இருக்கும் ஜான் ஸ்கீட் இப்படிப் பதில் எழுதி எழுதியே 2018 ஜனவரியில் பத்து லட்சம் புள்ளியைத் தொட்டார், அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் மனிதர். ஒரு ரூபாய் கிடையாது. எங்கோ ஒரு மாணவியின் ஐந்து வரியை எடுத்துத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறார்கள்.

சரி, விகடகவிக்கு என்ன பதில்? தமிழில் எழுத்து 247. ஆனால் கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடின் முதல் பதிப்பில், 1991இல், தமிழுக்குக் கிடைத்தது 128 இடம் கொண்ட ஒரு கட்டம். உயிர், அகரம் ஏறிய மெய், பிறகு கால், சுழி, கொம்பு, புள்ளி போன்றவற்றுக்குத்தான் அதில் இடம். 'வி' என்ற எழுத்துக்குத் தனி வீடு கிடையாது. 'வ'வும் சுழியும் அடுத்தடுத்து உட்கார்ந்து 'வி'யாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. திருப்பினால் சுழி முன்னாலும் 'வ' பின்னாலும் போய்விடும், விகடகவி குலைந்துவிடும். எல்லா எழுத்துக்கும் தனித்தனி வீடு தரும் 'டேஸ் 16' என்ற குறியீட்டு முறையை யூனிகோடோடு சேர்த்து 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. இருந்தாலும் உலகம் முழுக்கப் புழங்குவது யூனிகோடுதான். ஆப்பிள் நிறுவனம் 2014இல் கொண்டுவந்த ஸ்விஃப்ட் மொழியிடம் நீடாமங்கலத்தை எண்ணச் சொல்லுங்கள், கண்ணுக்குத் தெரிகிறபடியே 7 என்று பட்டென்று சொல்லும்!

பைத்தானிலும் வழி இருக்கிறது, அதைப் போட்டுவைத்தவர்கள் நம்மவர்கள். 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல் தொகுப்பை நிறுவிக்கொண்டால் போதும். சொல்லைக் கொடுத்தால் நீ, டா, ம, ங் என்று எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கையில் தருகிறது. அதைத் திருப்பிப் பார்த்தால் விகடகவி பாஸ், தேரு வருதே பாஸ்! இதன் பின்னால் இருப்பவர்கள் அமெரிக்காவில் வசிக்கும் முத்து அண்ணாமலையும் அவரோடு கை கோத்த தன்னார்வலர்களும். தமிழிலேயே கட்டளை எழுதும் 'எழில்' நிரல்மொழியைப் பற்றி 2009இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவரும் முத்து அண்ணாமலைதான். அதில் திரையில் ஒன்றைக் காட்ட 'பதிப்பி' என்று எழுதினால் போதும்! ஓப்பன் தமிழ் தொகுப்பு கிட்ஹப் தளத்தில் திறந்து கிடக்கிறது. உள்ளே போய் ஒவ்வொரு வரியையும் படிக்கலாம், பிழை கண்டால் சொல்லலாம், திருத்தி அனுப்பலாம். நீடாமங்கலத்திலிருந்து ஒரு மாணவி அனுப்பும் திருத்தம் சரியாக இருந்தால், உலகத்தில் அதைப் பயன்படுத்தும் எல்லோருடைய கணினிக்கும் அது போய்ச் சேரும். எனக்கு இதை எழுதும்போதே சிலிர்க்கிறது.

இன்னொரு சந்தோஷமான சேதி. கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம்! ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் போர்ச்சுகீசிய, ஜப்பானிய, ரஷ்ய, ஸ்பானியப் பதிப்புகள் உண்டு, தமிழுக்குக் கிடையாது. ஆனால் நமக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு. காஞ்சியில் ஒரு குழு, அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் கூடித் தமிழில் பேசுகிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் விழுப்புரம் குழு. இவற்றோடு, த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' இதழ். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசைப் புத்தகங்கள் இங்கே இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, கேள்வியை மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கும் டெல்டா மாணவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

'இதெல்லாம் எதுக்கு, சாட்ஜிபிடியைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிடுமே' என்கிறீர்களா? கேளுங்கள், தப்பில்லை. 2022 நவம்பர் 30இல் அது வெளிவந்தது. சில நாட்களுக்குள்ளேயே அது எழுதித்தரும் பதில்களை ஒட்டக் கூடாது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை போட்டது. பார்க்க அச்சு அசலாக இருக்கும், உள்ளே தப்பாக இருக்கும் என்பதுதான் காரணம். அதன் பிறகு அங்கே வரும் புதிய கேள்விகளும் வேகமாகக் குறைந்துவிட்டன. என் கவலை வேறு. தனியறையில் கேட்டு வாங்கிய விடை உங்களோடு போய்விடும். பொதுவில் கேட்ட கேள்வியோ இன்னொரு ஊரில், இன்னொரு லேபில், நாளைக்குத் தேர்வு என்று தவிக்கும் இன்னொருவருக்கு அப்படியே கிடைக்கும். விகடகவி பற்றி வேறு மொழிக்காரர் யாரும் கேட்கப்போவதில்லை, அது நம் கேள்வி. நாம் கேட்டு, விடையை எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆகவே மன்னார்குடியிலும் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் கணினி படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்களைப் படுத்திய ஒரு பிழையை எடுங்கள். கொடுத்தது, எதிர்பார்த்தது, வந்தது என்று மூன்றையும் எழுதிப் பொதுவில் கேளுங்கள். விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டாலும் பரவாயில்லை, கேள்வியையும் பதிலையும் சேர்த்தே போடுவதற்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலேயே வசதி இருக்கிறது. அதையே தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கணியத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் கட்டுரைகளை வாங்கிக்கொள்கிறார்கள்.