தோத்த மேட்ச்சுல கிடைச்ச சட்டை... 68 கோடி ரூபாய்க்கு விலைபோனது எப்படி?

1986 ஜூன் 22. உலகக்கோப்பை காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 எனத் தோற்றது இங்கிலாந்து. மாரடோனா கையால் தட்டிவிட்ட 'கடவுளின் கை' கோல் வந்தது இந்த மேட்ச்லதான். பந்தைத் தப்பா உதைச்சு அவர் பக்கம் தூக்கிவிட்டவர், இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ். சோகத்தோடு சோகமா, மேட்ச் முடிஞ்சதும் மாரடோனாவிடம் சட்டையை மாற்றிக்கொண்டார். 2022 மே மாத ஏலத்தில் அது போன விலை 71 லட்சம் பவுண்டு! நம்ம காசுக்கு ஏறத்தாழ 68 கோடி.

2023 டிசம்பரில் மெஸ்ஸியின் 6 உலகக்கோப்பை ஜெர்சிகள் 78 லட்சம் டாலருக்குப் போயின. சவுதியிடம் தோற்ற மேட்ச்சின் ஜெர்சியும் அதில் ஒன்று.

இடைசெவல், கோவில்பட்டி பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். அங்கே ஊரெல்லாம் தீப்பெட்டி. 2021 டிசம்பரில்தான் ஒரு பெட்டி 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது. ஆனா பழைய லேபிள்களைத் தேடிச் சேர்க்க உலகம் முழுக்க ஆள் இருக்கு. அந்தப் பழக்கத்துக்கு 'பிலுமெனி'ன்னு பேரே உண்டு. குச்சி தீர்ந்தா பெட்டி குப்பைக்குப் போயிடும். தப்பிப் பிழைச்ச லேபிளுக்குத்தான் மவுசு.

அப்போ, நாம கடையில வாங்கின ஜெர்சி? லட்சம் பேர்கிட்ட இருக்கு, பெருசா விலை ஏறாது. மாரடோனா சட்டைக்கே, அது எந்தப் பாதி ஆட்டத்தில் போட்டதுன்னு தகராறு கிளம்பியது. பழைய போட்டோவோடு ஒப்பிட்டுத்தான் நிரூபிச்சாங்க. விக்கிற எண்ணம் இருந்தா பில், டிக்கெட், போட்டோ எல்லாத்தையும் பத்திரமா வைங்க. தோத்த கோபத்துல கிழிச்சுடாதீங்க!