பங்கு முதலாளி கையில், சோதனை யார் கையில்?

2020, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலம். என் காலை வானொலி நிகழ்ச்சிக்குப் பாட்டு கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு நடுவே புதிதாக ஒரு கேள்வி வர ஆரம்பித்தது: “கையுறைப் பங்கு இப்போ வாங்கலாமா?” நான் படித்தது ஊடகவியல், பொருளாதாரம் அல்ல. சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். ஆனால் தம்பி பேச்சைக் கேட்டு நானும் கொஞ்சம் வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. விலை ஏற ஏற, கைப்பேசியைத் திறந்து பார்ப்பதே தனிச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பரில் அந்தச் சந்தோஷம் நெருட ஆரம்பித்தது. உலகின் மிகப் பெரிய கையுறைத் தயாரிப்பாளரான டாப் குளோவின் கிள்ளான் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் பரவியது. 28 தொழிற்சாலைகளைக் கட்டம் கட்டமாக மூட அரசாங்கம் உத்தரவிட்டது. 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று கண்டது. லயத்து வீட்டில் ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தோம் என்று பாட்டி சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த விடுதிப் படங்கள் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அந்த நிறுவனம் கஞ்சத்தனம் காட்டவில்லை. கோவிட்டை எதிர்கொள்ள நான்கு பெரிய கையுறை நிறுவனங்கள் சேர்ந்து அரசுக்குத் தர முன்வந்த 400 மில்லியன் ரிங்கிட்டில் டாப் குளோவின் பங்கு 185 மில்லியன். அதே காலத்தில் சொந்தப் பங்குகளைச் சந்தையிலிருந்து திரும்ப வாங்க 1 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் செலவிட்டது. நன்கொடைக்கும் பணம் இருந்தது, பங்கு விலைக்கும் பணம் இருந்தது. விடுதிதான் பின்தங்கியிருந்தது.

நிறுவனத்தை நடத்துபவருக்கே அதில் பங்கு இருந்தால் நல்லது என்பார்கள். நம் மளிகைக் கடைக்காரர் மாதிரிதான்: கடை தன்னுடையது என்றால் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வார். சம்பளத்துக்கு வந்த மேலாளர் இந்த வருட போனஸோடு நின்றுவிடலாம். ஆனால் பங்கு மிகப் பெரிதானால் இன்னொரு சிக்கல் வருகிறது. அவரை யார் கேள்வி கேட்பது?

டாப் குளோவின் நிறுவனரும் நிர்வாகத் தலைவருமான டான்ஸ்ரீ லிம் வீ சாய்தான் அதன் மிகப் பெரிய பங்குதாரர். தொழிலாளர் பாதுகாப்பில் கோட்டைவிட்டதாகக் கூறி, 2021 ஜனவரி பொதுக்கூட்டத்தில் ஆறு இயக்குநர்களின் மறுதேர்வுக்கு எதிராக வாக்களித்தது பிளாக்ராக் முதலீட்டு நிறுவனம். ஆனாலும் அவர்கள் மீண்டும் தேர்வானார்கள்.

இங்கேதான் உள்கட்டுப்பாடு வருகிறது. கல்லாப்பெட்டியைப் பூட்டுவது மட்டும் உள்கட்டுப்பாடு அல்ல. கெட்ட செய்தி கீழ்த்தளத்திலிருந்து மேல்மாடிக்குப் பத்திரமாக ஏறிப்போக ஒரு படிக்கட்டு வேண்டும். தொழிற்சாலைக்குள் தொழிலாளர்கள் நெருக்கியடித்து நின்றதைப் படம் எடுத்த நேப்பாளத் தொழிலாளி ஒருவர், அந்தப் படம் வெளியே போனதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அந்தப் படம் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் உள்தணிக்கையாளரின் மேசை.

உள்ளே பிடித்திருக்க வேண்டியதை வெளியே இருந்தவர்கள் பிடித்தார்கள். 2020 ஜூலையிலேயே, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் இரண்டு துணை நிறுவனங்களின் பொருள்களை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. 2021 மார்ச்சில் பிடி இறுகியது. வேலைக்கு வரத் தொழிலாளர்கள் முகவர்களிடம் கட்டிய பணத்துக்கு ஈடாக 3 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்கப்பட்டு, தங்குமிடங்களும் மேம்பட்ட பிறகே, அந்த ஆண்டு செப்டம்பரில் தடை நீங்கியது. பணம் இல்லாமல் தாமதமாகவில்லை. 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டின் இலாபம் 7 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது.

2021இல் திருத்தப்பட்ட மலேசிய நிறுவன ஆளுமை நெறி, உயர் நிர்வாகிகளின் செயல்திறனை மதிப்பிடும்போது நிலைத்தன்மையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கான தகவலைத் திரட்டுபவர் அதே நிர்வாகியின் கீழ் வேலை செய்தால், தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்திய கதைதான்.

பங்கு வாங்குகிறவர்கள் ஒரு சின்ன வேலை செய்யலாம். ஆண்டறிக்கையில் மரம் நடும் படங்களைத் தாண்டிப் போங்கள். இயக்குநர்களின் பங்கு விவரப் பட்டியலைப் பாருங்கள். பிறகு இடர் நிர்வாகம், உள்கட்டுப்பாடு பற்றிய அறிக்கையைப் படியுங்கள். உள்தணிக்கையாளர் யாரிடம் அறிக்கை தருகிறார்? தணிக்கைக் குழுவிடமா, தலைமை நிர்வாகியிடமா? தொழிலாளி புகார் கொடுக்க வழி உண்டா? அது அவருக்குப் புரிகிற மொழியில் இருக்கிறதா? பங்கு வாங்காதவர்களுக்கும் இதில் அக்கறை வேண்டும். நம் சேமநிதிப் பணமும் பங்குச் சந்தையில் இருக்கிறது.

தம்பி இன்னும் விலையைத்தான் முதலில் பார்க்கிறான். நான் அன்று அப்படித்தான் பார்த்தேன். அதனால் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. போன வாரம் ஓர் ஆண்டறிக்கையைத் திறந்து, அந்தப் பக்கத்தை மட்டும் அவனுக்கு அனுப்பி வைத்தேன். “இதையெல்லாம் யாருக்கா படிப்பா?” என்று பதில் வந்தது. நாமாவது படிப்போமே!