கறுப்புத் திரையில் நின்றுபோன லேப்டாப்... ஃபார்மட் செய்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்!

பவர் பட்டனை அழுத்தியதும் கம்பெனி லோகோ வருகிறது. அடுத்து, விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் வழக்கமான மெனு வரவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ். 'சம்திங் ஹாஸ் கான் சீரியஸ்லி ராங்' என்று பயமுறுத்திவிட்டு, சில நொடிகளில் லேப்டாப் தானாகவே அணைந்துவிடுகிறது.

2024 ஆகஸ்ட் 13-ம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்த பலர் உலகம் முழுக்கப் பார்த்த காட்சி இது. முதல் நாள் வரை உபுண்டு, டெபியன், மின்ட் என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவை அவை.

ஒரு மெஷினில் இரண்டு சிஸ்டம் என்பது பெங்களூரு இன்ஜினீயர்களின் விளையாட்டு மட்டும் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்திலேயே விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' சேர்ந்து வந்தது. சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்தியச் சிஸ்டம் அது. அந்தத் திட்டத்தில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களின் கைக்குப் போயின. பாஸ் லினக்ஸை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்களும் உண்டு; அதிலேயே புரோகிராமிங் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனவர்களும் உண்டு.

கெலமங்கலம் போன்ற ஊரில் லேப்டாப் இப்படி நின்றுபோனால், பெரும்பாலும் அதைப் பையில் போட்டுக்கொண்டு ஓசூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஒரு நாள் சம்பளமோ, ஒரு நாள் வகுப்போ போச்சு. கடைக்காரர் திரையைப் பார்த்ததும், "ஃபார்மட் பண்ணிடலாம் தம்பி" என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அதுதான் சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் பாலிடெக்னிக் பிராஜெக்ட், வேலைக்கு அனுப்ப வைத்திருக்கும் ரெஸ்யூம், தங்கச்சி கல்யாண போட்டோ எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் காலி. இத்தனைக்கும், இந்தக் கோளாறில் ஃபைல் ஒன்றுகூட அழிந்திருக்காது.

பிறகு ஏன் திறக்கவில்லை? பஸ் நன்றாக இருக்கிறது, டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார், பயணிகள் ஏறிவிட்டார்கள். டைம் கீப்பர் மட்டும் விசில் ஊதவில்லை. கம்ப்யூட்டரில் அந்த டைம் கீப்பர் வேலையைச் செய்வதுதான் பூட் லோடர். லினக்ஸில் அதன் பெயர் 'க்ரப்'. எந்த சிஸ்டம் கிளம்ப வேண்டும் என்று கேட்டு அனுப்பிவைப்பது இந்தச் சின்ன புரோகிராம்தான்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது 'செக்யூர் பூட்' என்ற காவலும் பரவலாக வந்தது. கையெழுத்து இல்லாத எந்த புரோகிராமும் மெஷின் தொடங்கும்போது உள்ளே நுழையக் கூடாது என்பது ஏற்பாடு. லினக்ஸுக்காக 'ஷிம்' என்ற குட்டி புரோகிராமுக்கு மைக்ரோசாஃப்ட் கையெழுத்துப் போட்டுத் தருகிறது. ஷிம் க்ரப்பைச் சோதித்து உள்ளே விடும்.

கையெழுத்து வாங்கிய க்ரப்பிலேயே ஓட்டை இருந்தால்? 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' என்ற பெயரில் அப்படி ஒன்று வெளியே வந்தது. பழைய க்ரப் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. பட்டியல் இருப்பதோ மதர்போர்டில் உள்ள சிறிய மெமரியில். சுமார் 32 கிலோபைட் இடத்தில் அந்த ஒரு விவகாரமே 10 கிலோபைட்டைத் தின்றுவிட்டது. இப்படியே போனால் கட்டுப்படியாகாது என்று கண்டுபிடித்த வழிதான் 'எஸ்பாட்'. ஒவ்வொரு பூட் லோடருக்கும் ஒரு தலைமுறை எண். 'இந்த எண்ணுக்குக் கீழே இருப்பவர்களை விடாதே' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். நல்ல யோசனைதான்.

ஆகஸ்ட் 2024 அப்டேட் அந்த வரியைத்தான் எழுதியது. இரண்டு சிஸ்டம் உள்ள மெஷின்களில் எழுத மாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் சில மெஷின்களில் பக்கத்தில் லினக்ஸ் இருப்பதை அப்டேட் கண்டுபிடிக்கவில்லை. எழுதிவிட்டது. பழைய ஷிம் தன் எண்ணையே பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'எனக்கே அனுமதி இல்லை' என்று நின்றுவிட்டது. அடுத்த மாத அப்டேட்டிலேயே மைக்ரோசாஃப்ட் இதை நிறுத்தினாலும், முழுத் தீர்வு வந்தது 2025 மே மாதம்தான். ஒன்பது மாதம்!

இந்தத் திரை வந்தால் செய்ய வேண்டியது இதுதான். பயாஸ் செட்டிங்கில் நுழைந்து செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் ரெக்கவரி கீயை முதலிலேயே வேறொரு இடத்தில் எழுதிவைப்பது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் ஒரு பிரச்னை இரண்டாகிவிடும். லினக்ஸ் திறந்ததும், 'மோக்யூட்டில்' என்ற கருவியைக் கொண்டு எஸ்பாட் பாலிசியை நீக்கும் ஒற்றை வரிக் கட்டளை. ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஒருமுறை லினக்ஸுக்குள் போய்வர வேண்டும். பிறகு லினக்ஸை முழுக்க அப்டேட் செய்துவிட்டு, செக்யூர் பூட்டை மறுபடி போட்டுவிடலாம். போடாமல் விடுவதுதான் பலரும் செய்வது. அது கதவைத் திறந்துவைத்துத் தூங்குவதற்குச் சமம்.

2011-ல் வந்த பழைய லேப்டாப்களில் செக்யூர் பூட்டே கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு வரும் தலைவலி வேறு. லினக்ஸ் அப்டேட் நடக்கும்போது நடுவில் நீலத் திரையில் ஒரு கேள்வி வரும்: 'க்ரப்பை எந்த டிஸ்க்கில் எழுதட்டும்?' பதறிப்போய் எதையாவது டிக் அடித்தால், அடுத்த முறை 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற மொட்டை வரியில் போய் நிற்கலாம். இந்தப் பழைய ரக மெஷினில் தேர்ந்தெடுக்க வேண்டியது முழு டிஸ்க்கை, அதில் உள்ள பார்ட்டிஷனை அல்ல. செருகியிருக்கும் பென்டிரைவை அதற்கு முன் எடுத்துவிட்டால் குழப்பம் பாதி குறையும். 'பழைய செட்டிங் ஃபைலை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?' என்று இன்னொரு கேள்வி வந்தால், பழையதையே வைத்துக்கொள்வது பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

இன்னொரு வேடிக்கை, அப்டேட் நன்றாகவே முடிந்திருக்கும். மெனுவில் விண்டோஸை மட்டும் காணோம்! விண்டோஸ் அழிந்துவிட்டது என்று அழுதவர்கள் உண்டு. 2021-ல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற சிஸ்டம்களைத் தேடிப் பட்டியலிடும் 'ஓஎஸ் ப்ரோபர்' என்ற வேலையைப் பாதுகாப்பு கருதி அணைத்தே வைத்திருக்கிறார்கள். 2023-ல் வந்த டெபியன் 12-க்கு மாறிய பலர் இதில்தான் மாட்டினார்கள். க்ரப்பின் செட்டிங் ஃபைலில் ஓஎஸ் ப்ரோபரை முடக்கும் வரியில் 'ஃபால்ஸ்' என்று மாற்றி, 'அப்டேட் க்ரப்' கட்டளை கொடுத்தால் விண்டோஸ் திரும்பி வந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

எதுவுமே கைகொடுக்கவில்லையா? நண்பர் யாருடைய கம்ப்யூட்டரிலாவது ஒரு லைவ் லினக்ஸ் பென்டிரைவ் தயாரித்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி போதும், செலவு பென்டிரைவ் விலை மட்டுமே. அதைச் செருகி, எஃப்12 போன்ற பூட் மெனு கீயை அழுத்தித் திறந்தால் (கீ கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் அங்கேயே இருப்பதைப் பார்க்கலாம். முதலில் அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். க்ரப்பைத் திரும்ப எழுதுவதெல்லாம் அதற்கு அப்புறம். கடைக்குத்தான் கொண்டுபோகிறீர்கள் என்றாலும், "டேட்டா வேணும்ணே, பூட் லோடர் மட்டும்தான் போயிருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.