கிணற்றடிச் சில்லுக்கு எந்த மொழி?

புங்குடுதீவு மடத்துவெளியில் நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருப்பவருக்கு மோட்டரை எப்போது நிறுத்துவது என்பதுதான் கவலை. நிலத்தடியில் நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதந்து கிடக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். உப்பு ஏறிய தண்ணீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். அதை அளக்க ஒரு சிறிய மைக்ரோகொன்ட்ரோலர் போதும். எந்த மொழியில் எழுதுவது என்று பெடியள் கேட்கிறார்கள்.

சீ மொழி என்பேன். ஆர்டுயினோ ஊனோவிலுள்ள ஏடிமெகா 328பீ சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட், நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. மைக்ரோபைதன் படிக்க இலகு. ஆனால் 256 கிலோபைட் இடமும் 16 கிலோபைட் நினைவகமும் கேட்கும். ஈஎஸ்பி 32 போன்ற பெரிய சில்லில் அது ஓடும், விழித்திருக்கையில் பற்றறியையும் அதிகம் குடிக்கும்.

கொம்பைலர் இலவசமான ஜீசீசீயாக இருக்கட்டும். புலம்பெயர்ந்த உறவொருவர் காசு கட்டி வாங்கிய கொம்பைலரில் எழுதித் தந்துவிட்டுத் திரும்பினால், பிறகு அதைத் திருத்த ஊரில் வழியிராது. 1990களில் வடக்குக்குப் பற்றறிகூட வரவிடாமல் தடுத்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் மின்முனைகளில் ஒரே திசையில் மின்னோட்டம் விட்டால் அவை அரித்துப்போகும். திசையை மாற்றி மாற்றி விடவேண்டும். அளந்து முடிந்ததும் சில்லைத் தூங்க வையுங்கள். சீயில் இரண்டுக்கும் சில வரிகள்தான்.