விரல் போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்



கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் என்று நம் பிள்ளைகள் பலர் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்களும் போகிறார்கள், பத்தாம் வகுப்போடு நின்றவர்களும் போகிறார்கள். வேலை கிடைத்ததும் நாம் கேட்பது சம்பளம் எவ்வளவு, கம்பெனி பஸ் உண்டா, சாப்பாடு உண்டா என்பவைதான். எந்த மெஷினில் நிற்கிறாய் என்று கேட்பதில்லை.

விபத்து நடந்த வீட்டில் "நஸீப்" என்று சொல்லி ஆறுதல் கொள்கிறோம். ஆறுதலுக்கு அது சரி. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். தொழிற்சாலையில் அந்தக் கயிறு, மெஷினில் பொருத்தியிருக்கும் தடுப்புதான்.

பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டை டையில் வைத்ததும் மேல்பாகம் இறங்கி வெட்டும். கண் இமைப்பதற்குள் இறங்கிவிடும். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. அதனால்தான் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டும் ஓடும்படி அமைக்கிறார்கள். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் டைக்குள் போக வழியில்லை. சில மெஷின்களில் கை குறுக்கே வந்தால் நிறுத்திவிடும் சென்சாரும் உண்டு.

பீஸ் கணக்கு ஏற வேண்டும் என்று ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிடுவதும், சென்சாரை அணைத்து வைப்பதும்தான் ஆபத்து. கிளட்சும் பிரேக்கும் தேய்ந்த பழைய மெஷின், பெடலை மிதிக்காமலேயே இரண்டாவது முறை இறங்கக்கூடும். அப்போது சிக்கிய பீஸை விரலால் எடுக்கப் போன பையனை மட்டும் "கவனம் போதாது" என்று குறை சொல்வது நியாயமில்லை. மெயினை அணைக்கச் சொல்லியிருக்க வேண்டும், எடுக்க இடுக்கி கொடுத்திருக்க வேண்டும். ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போடுவது முதலாளியின் கடமை என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். 2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் ஓர் இளம்பெண் தொழிலாளி மெஷினில் சிக்கி உயிரிழந்தார். உற்பத்தி வேகத்துக்காகப் பாதுகாப்பு சென்சார் நிறுத்தப்பட்டிருந்தது என்று அப்போது தொழிலாளர் தரப்பில் குற்றம் சாட்டினார்கள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைகள் அதிகம். பழைய இரும்போடு ஈரமோ, மூடிய டப்பாவோ, சிலிண்டரோ உலைக்குள் போனால் உள்ளே உள்ள நீர் நொடியில் ஆவியாகி, பல நூறு மடங்கு விரிந்து, உருகிய இரும்பை வெளியே வீசும். பழைய இரும்பைப் பிரித்துப் பார்ப்பதும், காய்ந்த பின் போடுவதும் உயிர் காக்கும் வேலை. உலைப் பக்கம் நிற்பவர் பாலியெஸ்டர் சட்டை போடக் கூடாது. அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்திச் சட்டை கொடுத்தனுப்புவது வீட்டில் இருப்பவர்களால் முடியும். சுழலும் மெஷின் அருகே வேலை செய்யும் நம் பெண்கள், தலைத்துணியின் முனையைத் தொங்கவிடாமல் உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். மோதிரம், வளையல், தொளதொளப்பான கை வேண்டாம்.

இனி இன்னொரு கயிறு: இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் இது கட்டாயம். தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். காண்டிராக்டர் மூலம் சேர்ந்தவருக்கும் உண்டு. வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். விரலோ கையோ போய்விட்டால், மருத்துவக் குழு நிர்ணயிக்கும் அளவுக்கு ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம் வரும். இறந்துவிட்டால் மனைவி மக்களுக்கு வரும்.

இதை இழப்பது எப்படி என்றால், காண்டிராக்டர் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, "வீட்டில் விழுந்தார்" என்று எழுதவைத்து, கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போவார். அன்றைக்கு அது உதவியாகத் தெரியும். ஆயுளுக்கு வர வேண்டியது அத்தோடு கைநழுவும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இந்த வாரமே கேளுங்கள்:

1. எந்த மெஷினில் வேலை? தடுப்பும் சென்சாரும் வேலை செய்கின்றனவா? அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது?

2. இ.எஸ்.ஐ. எண் வந்துவிட்டதா? அந்த எண்ணும் சம்பளச் சீட்டும் வீட்டில் ஒரு பிரதி இருக்கிறதா?

3. காண்டிராக்டர் பெயரும், வேலை செய்யும் கம்பெனியின் பெயரும் வீட்டாருக்குத் தெரியுமா?

அல்லாஹ் காப்பாற்றட்டும், விபத்து நடந்துவிட்டால்: துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. 108 ஐ அழையுங்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும், "வேலை நேரத்தில், கம்பெனி மெஷினில்" அடிபட்டது என்றே எழுதச் சொல்லுங்கள். கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் பதிவானதா, இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போனதா என்று பாருங்கள். படித்துப் புரியாத வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இ.எஸ்.ஐ. வராத வேலையில் இருப்பவர்களுக்கு, 1923 முதல் இருக்கும் ஊழியர் இழப்பீட்டு உரிமை உண்டு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது. தொழிலாளர் துறையில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். உயிரிழப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும், "அவருடைய கவனக்குறைவு" என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது.

தடுப்பு இல்லாத மெஷினில் நிற்க மறுக்கத் தனி ஒரு பையனால் முடியாது; வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால் ஒரே கம்பெனியில் வேலை செய்யும் நம் பிள்ளைகளும், அவர்களோடு நிற்கும் மற்ற சமுதாயத்து, வடமாநிலத் தோழர்களும் சேர்ந்து கேட்கட்டும். தனியாகக் கேட்கத் தயங்குபவர்கள் விவரத்தை அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறைக்கு மனு எழுத உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்