மூன்று நாடுகளுக்கு ஒரு பல்கலைக் கழகம்

1963-ஆம் ஆண்டில் கென்யா, உகாண்டா, தாங்கனிக்கா ஆகிய நாடுகளுக்குப் பொதுவாகக் கிழக்கு ஆப்பிரிக்கப் பல்கலைக் கழகம் தோன்றியது. அதுவரை இலண்டன் பல்கலைக் கழகப் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்துவந்த கல்லூரிகள் அதன் உறுப்புகளாயின. செலவு மிகுந்த துறைகள் பகிர்ந்துகொள்ளப்பட்டன: மருத்துவத்துக்கு மக்கெரேரே, பொறியியலுக்கு நைரோபி, சட்டத்துக்குத் தாருஸ்ஸலாம். சட்டம் பயில விழைந்த உகாண்டா மாணவர் எல்லை கடந்து சென்று, பிற இனத்தவருடனும் மொழியினருடனும் ஒரே வகுப்பில் அமர்ந்தார். சிக்கனமான ஏற்பாடுதான். எனினும், புதிதாக விடுதலை பெற்ற ஒவ்வொரு நாடும் தன் வளர்ச்சித் திட்டத்துக்கு வேண்டிய மருத்துவரையும் பொறியாளரையும் தன் மண்ணிலேயே உருவாக்க விரைந்தது. அதனைக் குறுகிய நோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. 1970-இல் பல்கலைக் கழகம் மூன்றாகப் பிரிந்தது. ஆயினும், ஒரு நாட்டின் பட்டத்தை மற்றொரு நாடு ஏற்கும் தேவை நீங்கவில்லை. 2017-இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் தன் நாடுகளைப் பொது உயர்கல்விப் பகுதியாக அறிவித்தது.